மாமாவின் அச்சகக் கணினி, இப்போது ஒரு கோப்பாக

மட்டக்களப்பு நகரில் என் மாமா நடத்திவந்த சிறிய அச்சகத்தை மூடியபோது, அங்கிருந்து ஆரையம்பதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை ஒரு தாள் வெட்டும் இயந்திரமும் ஒரு பழைய கணினியும் மட்டுமே. தாள் வெட்டும் இயந்திரத்துக்கு விரைவில் ஆள் கிடைத்தது. கணினியை யாரும் கேட்கவில்லை. அது மண்டபத்து மூலையில் துணி போர்த்தியபடி பல ஆண்டுகள் இருந்தது. ஆனால் மாமாவின் உழைப்பெல்லாம் அதற்குள்தான் இருந்தது: கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள், திருமண அழைப்பிதழ்கள், 31ஆம் நாள் நினைவு மலர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, வைகாசிச் சடங்குக்காகக் கண்ணகி அம்மன் கோயில்களுக்கு அவர் பக்கம் பக்கமாக வடிவமைத்துக் கொடுத்த, அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாடல் புத்தகங்கள்.

கடந்த மாரியில் ஒருநாள் மாமா வந்து, "மருமகன், அந்தக் குளிர்த்திப் பாட்டுப் புத்தகம் இன்னும் உள்ளுக்குக் கிடக்கா? இந்த முறைச் சடங்குக்குத் திரும்ப அடிக்கக் கேக்கிறாங்க" என்றார். துணியை எடுத்துவிட்டு மின்னிணைப்பைக் கொடுத்தேன். முதல் தடவை எழும்பவில்லை. இரண்டாம் தடவை வன்தட்டு கரகரவென்று சத்தமிட்டபடி, நீண்ட நேரத்துக்குப் பின் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளியைக் காட்டியது. இனி இந்தக் கணினியை ஒரு தடவைக்கு மேல் நம்ப முடியாது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

கோப்புகளை மட்டும் நகலெடுத்துப் புதிய கணினியில் திறந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து இலங்கை அச்சகங்கள் பலவற்றைப் போல மாமாவும் பாமினி எழுத்துருவில்தான் வேலை செய்தார். பாமினியில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். அவற்றை, எல்லாக் கணினியிலும் ஒரே விதமாகத் தெரியும் யூனிகோடாக மாற்றும் கருவிகள் இருக்கின்றன, சொற்கள் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதது பக்கத்தின் அமைப்பு. ஒரு பாடலின் அடிகளை எப்படி உடைத்திருந்தார், ஓரத்தில் எந்தக் கரை வைத்திருந்தார் என்பதெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புக்குள் இருப்பவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழாம் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதற்குப் பழகிய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. ஆகவே எக்ஸ்பியையே ஒரு மெய்நிகர் இயந்திரமாக என் வீட்டுக் கணினிக்குள் குடியேற்றுவதென்று முடிவு செய்தேன்.

மெய்நிகர் இயந்திரம் என்பது மென்பொருளால் அமைந்த ஒரு கணினி. அதற்கென நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு அட்டை எல்லாம் இருப்பதாக உள்ளே ஓடும் இயங்குதளம் நம்பும்; உண்மையில் அவையெல்லாம் வெளியே உள்ள கணினியின் பங்குகள். வெளியே இருப்பதை வீட்டு இயங்குதளம் என்றும் உள்ளே ஓடுவதை விருந்தினர் இயங்குதளம் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பெயர்கள் மிகவும் பொருத்தமானவை என்று நான் கருதுகிறேன். வீட்டில் அரிசி இல்லாமல் விருந்தாளிக்கு இலை போட முடியாது. நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை வீட்டின் பங்கையும் எடுத்து விருந்தாளிக்குப் போட்டதால் வந்தவை.

என்னிடமிருப்பது பாவித்த நிலையில் வாங்கிய ஓர் அலுவலகக் கணினி. இன்டெல் ஐ5-6500 புரொசசர், நான்கு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்). வாங்கும்போது 8 ஜிபி நினைவகமும் ஒரு டெராபைட் வன்தட்டும் இருந்தன. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைப் புரொசசர்களை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. ஆகையால் டெபியன் லினக்ஸை வீட்டு இயங்குதளமாக நிறுவி, மற்றவற்றை அதற்குள் விருந்தினராக வைத்தேன். மாமாவுக்கு எக்ஸ்பி, மனைவியின் வரவு செலவு மென்பொருளுக்கு விண்டோஸ் 10, உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் அக்காவின் மகனுக்குப் பைதனும் மைஎஸ்கியூஎல்லும் பழக ஒரு சிறிய லினக்ஸ் என்று மூன்று பேர்.

எதையும் நிறுவுவதற்கு முன்னர் பார்க்க வேண்டிய இடம், கணினி எழும்பும்போதே திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயோஸ். இன்டெல் கணினிகளில் 'வேர்ச்சுவலைசேஷன் டெக்னோலொஜி' என்றும் ஏஎம்டி கணினிகளில் 'எஸ்விஎம்' என்றும் ஒரு தெரிவு இருக்கும். என்னுடையதில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அருமை அதன் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். தனிநபர் கணினியின் புரொசசர்கள் இந்த வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. தன் எல்லையை மீறும் சில கட்டளைகளை விருந்தினர் இட்டால் அதை வெளியே உள்ளவருக்கு அறிவிக்காமல் வேறுவிதமாகச் செய்துவிட்டுப் போய்விடும். 1999இல் வெளிவந்த வீஎம்வெயார் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருள் அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே பெயர்த்து எழுதி அந்தச் சிக்கலை வென்றது. அது பெரும் சாதனை, ஆனால் வேகத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் புரொசசருக்குள்ளேயே அதற்கான வசதியைச் சேர்த்தன. அதை நம்பி எழுதப்பட்ட, லினக்ஸில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம் 2007இல் லினக்ஸ் கருவோடு இணைந்தது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான வேர்ச்சுவல்பொக்ஸ்கூட 6.1ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இல்லாத புரொசசரில் ஓடுவதில்லை. ஆகவே பயோஸில் அந்த ஒரு தெரிவைத் திறக்காமல் மற்ற எந்தச் சீராக்கலைச் செய்தும் பயனில்லை.

நான் கேவிஎம்மையும் அதைக் கையாள வர்ட்-மனேஜரையும் பயன்படுத்துகிறேன். விண்டோஸை வீட்டு இயங்குதளமாக வைத்திருப்பவர்களுக்கு வேர்ச்சுவல்பொக்ஸே எளிது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

முதலில் நினைவகத்தைப் பற்றி. 8 ஜிபி இருந்த நாட்களில், விண்டோஸ் 10 நன்றாக ஓட வேண்டும் என்ற ஆசையில் அதற்கு 6 ஜிபி கொடுத்தேன். அது எழும்பியது, மனைவி கணக்குகளைத் திறந்தார், நான் வெளியே உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். சுட்டி அப்படியே நின்றுவிட்டது. பெட்டியின் முன்னால் உள்ள சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. வன்தட்டு ஓயாமல் இரைந்தது. நான்கைந்து நிமிடங்கள் எழுத்து ஒன்றுகூட விழவில்லை. நடந்தது இதுதான்: வீட்டு இயங்குதளத்துக்கு எஞ்சிய இரண்டு ஜிபி போதாமற் போனதால், அது விருந்தினரின் நினைவகப் பக்கங்களையே எடுத்து வன்தட்டில் வைக்கத் தொடங்கிவிட்டது. தன் நினைவகம் வன்தட்டுக்குப் போய்விட்டதென்று விருந்தினருக்குத் தெரியாது. அது வழமைபோல் கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் வன்தட்டுச் சுழன்று வர வேண்டியிருக்கிறது. அளவை 3.5 ஜிபியாகக் குறைத்தேன். அதே விண்டோஸ், அதே கணக்கு மென்பொருள், முன்பு இருந்ததைவிடத் தெளிவாக வேகமாக ஓடியது.

பின்னர் இன்னொரு 8 ஜிபி துண்டை வாங்கிப் போட்டேன். வீட்டுக் கணினியில் மெய்நிகர் இயந்திரம் ஓட்ட நினைக்கும் எவரும் முதலில் காசு செலவழிக்க வேண்டியது நினைவகத்திலும், சுழலும் பாகமில்லாத வட்டான எஸ்எஸ்டியிலும்தான் என்பது என் உறுதியான கருத்து. அதிவேகப் புரொசசர் அதற்குப் பிறகு. இப்போது 16 ஜிபியில் விண்டோஸ் 10க்கு 4, அக்காவின் மகனின் லினக்ஸுக்கு 1.5, எக்ஸ்பிக்கு 768 எம்பி. எக்ஸ்பி வெளிவந்த காலத்தில் அதற்கு 128 எம்பி இருந்தால் நல்லதென்று சொல்லப்பட்டது என்பதை நினைத்தால், மாமாவின் விருந்தாளி வசதியாகவே இருக்கிறார். மிகுதி முழுவதும் வீட்டுக்கு. லினக்ஸ் அந்த மிகுதியைச் சும்மா விடாது. அடிக்கடி படிக்கப்படும் கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும்.

புரொசசர் பங்கீட்டிலும் இதே பிழையைச் செய்தேன். நான்கு கோர் இருக்கிறதென்று ஒவ்வொரு விருந்தினருக்கும் நான்கு கொடுத்தேன். இதை எங்கள் பக்கத்து வயற்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒன்றுதான். தண்ணீரைப் பங்கிடும் வட்டைவிதானை முறை வைத்துத்தான் விடுவார். எல்லா வயலின் கடவையும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கடைசி வயலுக்கு ஈரம்கூடப் போய்ச் சேராது. விருந்தினருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மெய்நிகர்ப் புரொசசரும் வீட்டு இயங்குதளத்தின் பார்வையில் முறைக்குக் காத்திருக்கும் இன்னொரு வேலை. அதிலும் ஒரு நுட்பமான தொல்லை உண்டு: விருந்தினருக்குள் ஒரு புரொசசர் ஏதோவொன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது, வெளியே அதன் முறை முடிந்து நிறுத்தப்பட்டால், மற்ற மூன்றும் அந்தப் பூட்டு எப்போது திறக்கும் என்று வீணே சுழன்றுகொண்டிருக்கும். புரொசசர் முழுவதும் செலவாகும், வேலை ஒன்றும் நடக்காது. இப்போது விண்டோஸ் 10க்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. எக்ஸ்பிக்கு ஒன்றுக்கு மேல் கொடுத்துப் பார்த்தேன். பேஜ்மேக்கருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

இயந்திரத்தை உருவாக்கும்போது, எந்த இயங்குதளத்தை நிறுவப்போகிறோம் என்று வர்ட்-மனேஜர் கேட்கும். அவசரத்தில் 'பொது' என்று தெரிவு செய்துவிட்டேன். அதன் விளைவு இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் தெரிந்தது: எக்ஸ்பியின் கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னால் நின்றது. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமென்று எடுத்துக்கொள்ளும். இலங்கை நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் இடைவெளி ஐந்தரை மணித்தியாலம். விண்டோஸ் 10இலோ சிக்கல் வேறு: ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே அது புரொசசரைத் தின்றுகொண்டிருந்தது. சரியான பெயரைத் தெரிவு செய்திருந்தால், கடிகாரம் உள்ளூர் நேரத்தில் அமைந்திருப்பதோடு, தான் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருப்பதை அறிந்து விண்டோஸ் சிக்கனமாக நடந்துகொள்வதற்கான குறிப்புகளும் சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு சொல்லைச் சரியாகத் தெரிவு செய்யாததால் இரண்டு இரவுகள் வீணாயின.

வேகம் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தங்கியிருப்பது வட்டில்தான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு செக்கனில் 120 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன், கேட்ட தரவு ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று அதிகம். ஊசி தன் தடத்துக்கு நகர இன்னும் எட்டு அல்லது ஒன்பது மில்லிசெக்கன். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தரவை ஒரு செக்கனில் எண்பது தடவை அளவில்தான் எடுக்க முடியும். அந்த எண்பதையும் மூன்று இயங்குதளங்கள் பங்கிட்டால் என்னவாகும்? ஓர் எஸ்எஸ்டி இதே வேலையைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை செய்கிறது. சாதாரண 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, மெய்நிகர் வட்டுக் கோப்புகளை அதற்கு மாற்றிய அன்றுதான் இது உண்மையிலேயே வேலை செய்யும் ஏற்பாடு என்று நான் நம்பத் தொடங்கினேன். பழைய ஒரு டெராபைட் வன்தட்டு இப்போது காப்பு நகல்களுக்கு மட்டும்.

வட்டோடு சேர்ந்தது, மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே அமைந்த வர்ட்ஐஓ என்ற இணைப்பு முறை. வழமையாக விருந்தினருக்கு ஒரு பழைய வட்டுக் கட்டுப்படுத்தியை நடித்துக் காட்டுவார்கள். விருந்தினர் அதன் ஒவ்வொரு பதிவேட்டிலும் எழுதும்போது வெளியே உள்ள மென்பொருள் குறுக்கிட்டு அதற்குரிய பதிலைத் தயாரிக்க வேண்டும். வர்ட்ஐஓவில் அந்த நடிப்பு இல்லை. இருவரும் ஒரு பொது வரிசையை வைத்துக்கொண்டு வேலைகளை மொத்தமாகப் பரிமாறிக்கொள்கிறார்கள். லினக்ஸ் விருந்தினரில் இது தானாகவே இருக்கும். விண்டோஸ் 10ஐ நிறுவும்போது மட்டும் 'வட்டு எதுவும் இல்லை' என்று வெற்றுப் பட்டியல் ஒன்று வந்து உங்களைத் திகைக்க வைக்கும். வர்ட்ஐஓ இயக்கிகள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு சீடியின் முழு உரு) இரண்டாவது சீடியாக இணைத்து, 'இயக்கியை ஏற்று' என்பதை அழுத்தி அதைக் காட்டினால் வட்டு தோன்றிவிடும். எக்ஸ்பிக்கு நான் இதைச் செய்யவில்லை. பழைய ஐடிஈ வட்டு முறையே போதுமானதாக இருந்தது. பழையதைக் காப்பாற்றும் இடத்தில் வேகத்தைவிட உறுதி முக்கியம்.

எக்ஸ்பியை உள்ளே கொண்டுவந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதே தேவையுள்ள அச்சகங்கள் எங்கள் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. மாமாவின் 40 ஜிபி வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பி ஒன்றின் மூலம் என் கணினியில் பொருத்தி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் அதன் முழு உருவையும் ஒரு கோப்பாக எடுத்தேன். அந்தக் கருவி படிக்க முடியாத இடங்களை முதலில் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளையெல்லாம் காப்பாற்றிய பின்னரே கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். சாகக் கிடக்கும் வன்தட்டுக்கு அதுவே ஏற்ற முறை. அந்த உருவை அப்படியே மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டியபோது, விண்டோஸ் செயலிழந்ததைக் காட்டும் நீலத் திரை விழுந்தது. பழைய பலகையின் வட்டுக் கட்டுப்படுத்திக்குப் பழகிய எக்ஸ்பி, புதிய சூழலில் தன் சொந்த வட்டையே அடையாளம் காணவில்லை. ஆகவே மாமாவிடமிருந்த அசல் சீடியையும் உரிம எண்ணையும் கொண்டு எக்ஸ்பியைப் புதிதாக நிறுவி, பேஜ்மேக்கரையும் பாமினியையும் போட்டு, எடுத்து வைத்த உருவின் ஒரு நகலை இரண்டாவது வட்டாக இணைத்தேன். மூல உருவைத் தொடவில்லை.

அந்த எக்ஸ்பிக்கு வலையமைப்பு அட்டையே கிடையாது. பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்று பத்தாண்டுக்கு மேலான ஓர் இயங்குதளத்தை இணையத்துக்கு அருகில்கூட விடக்கூடாது. இதில் நான் ஒரு விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை. கோப்புகளைப் பரிமாற 2 ஜிபி அளவில் ஒரு சிறிய வட்டுக் கோப்பை வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக் கோப்பாக அச்சிட்டு அதில் போட்டு, எக்ஸ்பியை அணைத்த பின் அதே வட்டை லினக்ஸில் திறந்து, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கருவியால் பீடிஎப் ஆக மாற்றுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்தால் அந்த வட்டு நாசமாகிவிடும் என்பதால் அணைத்த பின் என்பது கட்டாயம். மற்ற இருவருக்கும் நாட் முறையில், அதாவது வீட்டு இயங்குதளத்தின் முகவரி வழியாக, இணையம் போகிறது. வீட்டு வைபை ஊடாகப் பாலம் அமைத்து அவர்களுக்கு ரவுட்டரிலிருந்தே நேரடி முகவரி வாங்க முயன்று அரைநாள் செலவழித்தேன். தன்னோடு இணைந்த அட்டையின் முகவரி இல்லாத எதையும் வைபை ரவுட்டர் ஏற்காது. பாலம் வேண்டுமென்றால் கம்பி இழுங்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே வலித்த பிழை. வட்டுக்குரிய தெரிவுகளில் 'கேச்' (வட்டில் எழுதுமுன் நினைவகத்தில் தேக்கி வைப்பது) என்று ஒன்று இருக்கிறது. அதில் 'அன்சேப்' (பாதுகாப்பற்றது) என்பதைத் தெரிவு செய்தால், எழுதியதை உடனே வட்டில் பதிந்துவிடு என்று விருந்தினர் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் வீட்டு இயங்குதளம் காதில் போட்டுக்கொள்ளாமல், பதிந்தாயிற்று என்று பொய் சொல்லிவிடும். வேகம் பறக்கும். விண்டோஸ் 10ஐ நிறுவும்போது அப்படி வைத்துவிட்டு, மாற்றி அமைக்க மறந்துபோனேன். கார்த்திகை மாதத்து மழையில் ஒருநாள் இடியோடு மின்சாரம் போனது. மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்க வேண்டிய யுபிஎஸ்ஸின் மின்கலம் முதுமையடைந்திருந்ததால் கணினியும் உடனே அணைந்தது. மின்சாரம் வந்த பிறகு விண்டோஸ் எழும்பவில்லை. பழுதுபார்க்கும் எந்த வழியும் உதவவில்லை. பத்து நாட்களுக்கு முந்திய ஒரு நகல் இருந்தது. இடைப்பட்ட பத்து நாட்களின் பற்றுச்சீட்டுகளை மேசையில் பரப்பி, மனைவி வாசிக்க நான் தட்டச்சிட, இரண்டு இரவுகள் உட்கார்ந்து அந்தக் கணக்கை மீண்டும் ஏற்றினோம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் வாழ்கிறவர்கள் இந்தத் தெரிவை ஒருபோதும் தொடக்கூடாது. இப்போது மூவருக்கும் அந்தத் தெரிவை 'நன்' (எதுவுமில்லை) என்று வைத்திருக்கிறேன். யுபிஎஸ்ஸுக்குப் புதிய மின்கலம் போட்டதோடு, மின்சாரம் போய்ச் சில நிமிடங்களுக்குள் வீட்டு இயங்குதளம் தானாக அணையுமாறும், அணையும் முன் ஒவ்வொரு விருந்தினரின் நினைவகத்தையும் அப்படியே வட்டில் சேமிக்குமாறும் அமைத்திருக்கிறேன். மின்சாரம் வந்ததும் அக்காவின் மகன் பாதியில் விட்ட பைதன் நிரல் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

அவனுடைய இயந்திரத்தில் நான் கற்றது ஸ்னாப்ஷொட், அதாவது இயந்திரத்தின் அந்நேர நிலையைப் பதிந்து வைப்பது, பற்றியது. எதையும் உடைத்துப் பார்க்கலாம், உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பது படிக்கிற பிள்ளைக்குப் பெரிய சுதந்திரம். அதற்காகவே அவனுக்கு இதைக் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு ஸ்னாப்ஷொட்டுக்குப் பிறகும் மாறும் தரவெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். அவன் எடுத்த எதையும் அழிக்காமல் வைத்திருந்ததால், 20 ஜிபி என்று நான் நினைத்திருந்த வட்டுக் கோப்பு எஸ்எஸ்டியின் மிஞ்சிய இடத்தை நிரப்பி, ஒரு மாலை மூன்று இயந்திரங்களும் ஒன்றாக நின்றுவிட்டன. மேலும், ஸ்னாப்ஷொட் காப்பு நகலும் அல்ல. அது அதே கோப்புக்குள், அதே வட்டில் இருக்கிறது. கோப்பு போனால் எல்லாம் போகும்.

அவனுடைய நண்பன் ஒருவனின் விண்டோஸ் 11 மடிக்கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் மிக மெதுவாக ஓடுகிறதென்று கொண்டுவந்து காட்டினான். சாளரத்தின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை ஒன்று இருந்தது. புரொசசரின் வசதியை விண்டோஸின் சொந்த மெய்நிகர் இயந்திர மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பதால், வேர்ச்சுவல்பொக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு வசதி இயங்கினாலே இது நடக்கும். அதை அணைத்தால் ஆமை போய்விடக்கூடும். ஆனால் நாள் முழுவதும் இணையத்தில் இருக்கும் ஒரு மாணவனின் கணினியில் பாதுகாப்பைக் கழற்றிவிட்டு வேகத்தை வாங்குவது சரியென்று எனக்குப் படவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது லினக்ஸ் கட்டளைகள் மட்டுமே. ஆகவே ஹைப்பர்-வியோடு ஒத்துப்போய், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2ஐ நிறுவிக் கொடுத்தேன்.

எங்கள் இடத்துக்கே உரிய இரண்டு விடயங்கள் பாக்கி. ஒன்று வெப்பம். கச்சான் எனப்படும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், காலையில் நன்றாக ஓடிய இயந்திரங்கள் தளர்ந்துபோகும். அளவுக்கு மேல் சூடாகும் புரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். விருந்தினருக்குள் இருந்து பார்த்தால் காரணம் ஒன்றும் தெரியாது. விசிறியில் அடைந்திருந்த தூசியைத் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றிப் புதிது பூசிய பின் அந்தத் தளர்ச்சி பெருமளவு நின்றது.

மற்றது உப்பு. ஆரையம்பதிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. விண்டோஸ் 10 காரணமின்றி நீலத் திரையில் விழத் தொடங்கியபோது, ஒரு வாரம் முழுவதும் கேவிஎம்மின் தெரிவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுவதும் ஓடவிட்டபோது பிழைகள் சிவப்பு வரிகளாகக் குவிந்து கிடந்தன. நினைவகத் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்: பொன்னிறத் தொடுகைகளின் ஓரத்தில், ஏழெட்டுப் பற்களில், மங்கலான பச்சைப் படலம். பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். அடுத்த இரவு ஒரு பிழையும் இல்லை. மூன்று இயங்குதளங்கள் நினைவகத்தின் மூலைமுடுக்கெல்லாம் பாவிப்பதால், ஒற்றை இயங்குதளம் ஓடியபோது வெளிப்படாத பழுது இப்போது வெளிப்படுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்து உட்காரவைத்தேன். எக்ஸ்பி பன்னிரண்டு செக்கனில் எழும்பியது. அவர் பேஜ்மேக்கரைத் திறந்து, குளிர்த்திப் பாடல் புத்தகத்தின் கோப்பைத் தாமே தேடி எடுத்தார். கண்ணாடியைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு முதற்பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே வந்தவர், ஏழாம் பக்கத்தில் நின்றார். "இந்த இடத்தில சின்ன ரகரம் போட்டிருக்கன் மருமகன், இது பெரிய றகரம் வரவேணும். அண்டைக்கு அவசரத்தில அடிச்சது" என்றார். பாமினி விசைகள் அவருடைய விரல்களுக்கு மறக்கவில்லை. ஒரே தட்டில் எழுத்தை மாற்றிச் சேமித்தார். மிச்சப் பக்கங்களையும் பார்த்து முடிக்க மதியமாகிவிட்டது. அதன் பிறகு எக்ஸ்பியை அணைத்து, பீடிஎப்பை எடுத்து, அன்றைய வட்டுக் கோப்பை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தேன். புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.